கைமேல் கேட்ட பாய்

மலைமேல் பிரிஞ்சாங்கிலிருந்து மீரான் பாயின் மகள் ஜைனபு போனில் கூப்பிட்டபோது நான் ஈப்போ வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். "டீச்சர், வாப்பா மௌத்தாயிட்டாங்க. சுபுஹு தொழுதுட்டுப் படுத்தவங்கதான்" என்றாள். அவள் அழவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் கூப்பிடுகிறாள் என்று குரலே சொன்னது. பதிலுக்கு நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. போனை வைத்துவிட்டுப் பார்த்தால் குழாய் திறந்தபடியே கிடக்கிறது, தண்ணீர் செடியைத் தாண்டிக் கொல்லைவாசல்வரை போயிருக்கிறது. தண்ணீரை வீணாக்கினால் மீரான் பாய்க்குப் பிடிக்காது. போய்க் குழாயை மூடினேன்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவருடைய சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பீர்கள். கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அவர் அடுக்கி வைத்திருந்த பழைய மண்வெட்டி, கிளை கழிக்கும் கவ்வாத்துக் கத்தி, மருந்தடிக்கும் பம்புகளில் ஒன்றையாவது வாங்கியிருப்பீர்கள். கறி நன்றாக இருக்கும். டீ மட்டும் சுமார்தான். தேயிலை மலையின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு அவ்வளவு சுமாரான டீயை எப்படிப் போட முடிந்தது என்று அவரிடமே கேட்டிருக்கிறேன். "நல்ல தூளெல்லாம் கப்பல்ல போயிருது டீச்சர், நமக்கு மிஞ்சுனதுதானே" என்பார். தூளின்மேல் பழி போடுவாரே தவிர, கைப்பக்குவத்தைப் பற்றிப் பேச்செடுக்கமாட்டார்.

அவருக்கு மலையில் இன்னொரு பெயரும் இருந்தது. கியா பார்ம் தொடங்கி கம்போங் ராஜா வரைக்கும் வயதானவர்களிடம் மீரான் பாய் என்றால் எந்த மீரான் என்று யோசிப்பார்கள். "கைமேல் கேட்ட பாய்" என்றால் உடனே தெரிந்துவிடும். அது நல்ல பெயர் இல்லை. அவர் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை, ஆனால் அவர் காதுக்குப் போகாமலும் இல்லை. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சொல்ல அவர் உயிரோடு இருந்தவரை எனக்கு அனுமதி இல்லை. இப்போது இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வெள்ளைக்காரர் ஆட்சியில் அறிவித்த அவசரகாலத்து நாட்கள் எனக்கு ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வருவதில்லை. பனிமூட்டம் விலகும்போது மலைச்சரிவில் இங்கே ஒரு செடி, அங்கே ஒரு கூரை என்று தெரிவதுபோலத்தான் வருகின்றன. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். காட்டில் கம்யூனிஸ்டுத் துப்பாக்கிக்காரர்கள், ரோட்டில் பட்டாளத்து லாரிகள். காட்டோர பங்களாக்களில் தனியாக இருந்த துரைமார் சிலர் போதும் என்று மூட்டை கட்டினார்கள். அவர்கள் போகும்போது கப்பலில் ஏற்ற முடியாததெல்லாம் பங்களாவின் முன்புறப் புல்வெளியில் ஏலத்துக்கு வந்தது. சாய்வு நாற்காலிக்கும் பியானோவுக்கும் ஊர்ப் பெரிய மனிதர்கள் வருவார்கள். தோட்டக் கருவிகளுக்கு நாங்கள் போவோம். ஈரப் புல்லில் வரிசையாகக் கிடத்தியிருப்பார்கள். பனி வந்து மூடும், விலகும். விலகும்போதெல்லாம் ஆட்கள் இடம் மாறி நிற்பார்கள், மண்வெட்டிகள் மட்டும் கிடந்த இடத்திலேயே கிடக்கும். யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். எங்கோ ஆலையில் கொழுந்து வாடும் மணம் அதுபாட்டுக்கு வந்துகொண்டிருக்கும்.

மீரான் பாய் அந்த வரிசையில் நடப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், குனிந்து குனிந்து போவார். எதை எடுத்தாலும் முதலில் பிடியைத்தான் பார்ப்பார், இரும்பைப் பிறகுதான் பார்ப்பார். "இரும்பு எவன்கிட்டயும் கெடைக்கும் டீச்சர். புடி மட்டும் ஒரு ஆளோட கையில வளந்தது" என்று ஒருமுறை சொன்னார். வாங்கியதை உடனே விற்கவும் மாட்டார். கழுவி, சமையல்கட்டுத் தேங்காயெண்ணெயைத் தடவி, கொட்டகையில் சில நாள் சும்மா போட்டு வைப்பார். ஏன் என்று கேட்டால், "பழைய கைய மறக்கட்டும்லா" என்பார். வியாபாரி பேசுகிற பேச்சா இது என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

எங்கள் ஏலங்களில் ஒரு பழக்கம் இருந்தது. யார் தொடங்கியது என்று தெரியாது. ஒரு கருவியோடு வருஷக்கணக்கில் வேலை செய்த ஆள் அந்த ஏலத்துக்கு வந்தால், அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பார். அப்படிக் கை வைத்துவிட்டால் மற்றவர்கள் அதற்கு விலை கேட்கமாட்டார்கள். அவர் ஒருவர் மட்டும் கேட்பார், முதல் விலையிலேயே அவருக்குப் போய்விடும். ஏலக்காரர் ஈப்போவிலிருந்து வருகிறவர். அவருக்கு இதெல்லாம் தெரியாது. இந்த ஜனங்களுக்கு ஏலம் கேட்கவே தெரியவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். பாய் வியாபாரிதான், ஆனாலும் ஒரு கை இருக்கிற இடத்தில் அவர் வாய் திறந்ததில்லை.

எங்களுக்கு அந்த வருஷம் தண்ணீர்தான் கவலை. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி அரசாங்கம் முள்வேலி போட்டுவிட்டது. ஓடை வேலிக்கு வெளியே பள்ளத்தில். கேட்டைத் திறக்கிற நேரத்துக்குள் பெண்கள் மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும், திரும்பும்போது கேட்டில் சோதனைக்கு நிற்கவேண்டும். டின்னுக்குள் அரிசி ஒளித்துக் காட்டுக்குக் கொண்டுபோகிறார்களா என்று போகும்போதும் பார்ப்பார்கள். மாலையில் கேட்டை மூடினால் மறுநாள் காலைவரை இருப்பதுதான் தண்ணீர். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் நெற்றிக்கு ஈரத்துணி போட, அடுத்த வீட்டில் கெஞ்சிய தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். என் வகுப்புப் பிள்ளைகள் முகம் கழுவாமல் வந்து உட்காருவார்கள், அவர்களைத் திட்ட எனக்கு வாய் வராது.

அப்போதுதான் மேல்ரோட்டு பங்களா ஏலத்துக்கு வருகிறது என்று சேதி வந்தது. அங்கே ஒரு பம்பு இருப்பது எல்லோருக்கும் தெரியும். இரும்பில் வார்த்தது, சின்னப் பிள்ளை உயரம், அண்டா வயிறு. எண்ணெய் வேண்டாம், ஆள் வேண்டாம். ஓடைத் தண்ணீர் சரிந்து வருகிற வேகத்திலேயே உள்ளே ஒரு தட்டு அடித்து அடித்து மூடித் திறக்கும், ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தண்ணீர் மேட்டுக்கு ஏறும். டொக், டொக் என்று இரவும் பகலும் அடிப்பதால் டொக்குப் பம்பு என்போம். அதை ஓடையில் வைத்தால் குழாய் வேலிக்கடியில் நுழைந்து லயத்துக்கே தண்ணீர் கொண்டுவந்துவிடும். பம்பை நீங்கள் பிடித்துக்கொண்டு வந்தால் பழைய குழாய் நான் தருகிறேன் என்று எங்கள் துரை சொன்னார். பெண்கள் வீட்டுக்கு வீடு திரட்டியதை ஒரு துணியில் முடிந்து என்னிடம் தந்தார்கள். ஏலக்காரரோடு இங்கிலீஷில் பேச நான், எனக்குத் துணையாக ராக்கம்மா அக்காவும் இன்னும் சில பெண்களும். ராக்கம்மா கொழுந்தெடுக்கும் பெண்களில் மூத்தவர், துரையையே எதிர்த்துப் பேசுகிற ஆள். மீரான் பாய் தன் லாரியில் எங்களை ஏற்றிக்கொண்டு போனார்.

அன்று பனி மிகவும் இறங்கியிருந்தது. பம்பைக் கழற்றி ரோஜாப் பாத்திக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். ஏலக்காரர் அதனிடம் வந்தபோது பனி கொஞ்சம் விலகியது. பம்பின்மேல் ஒரு கை இருந்தது. அந்த பங்களாவின் தோட்டக்காரர் சடையன் அண்ணனுடைய கை. பம்பைப் பல வருஷம் பார்த்துக்கொண்டவர் அவர். தட்டுக்குத் தோல் வெட்டிப் போடுவதும், மழைக்காலத்தில் சருகு எடுப்பதும் அவர்தான். உள்ளங்கையை அதன் வயிற்றில் பதித்து, கண்ணை மூடியபடி நின்றார்.

ராக்கம்மா அக்கா என் முழங்கையைப் பிடித்தார். "வேணாம் டீச்சர். கை இருக்கு" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனாலும் அதைத்தான் சொன்னார். ஏலக்காரர் ஒரு விலை சொல்லிக் கூப்பிட்டார். சடையன் அண்ணன் கேட்பார் என்று நாங்கள் காத்திருந்தோம். அவர் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். ஏலக்காரர் மறுபடி கூப்பிட்டார். யாரும் பேசவில்லை. புல்வெளி முழுக்க ஆட்கள், ஒரு இருமல்கூட இல்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் விலை கேட்டது. தாப்பாவிலிருந்து வந்த பழைய இரும்பு வியாபாரி. உடைத்து எடைக்குப் போடுகிறவன், எங்கள் பழக்கம் அவனுக்குத் தெரியாது. சுத்தியல் மேலே போனது.

"கூட ஒண்ணு" என்றது இன்னொரு குரல். மீரான் பாய்.

இரும்பு வியாபாரி ஏற்றினான். இவரும் ஏற்றினார். மீண்டும் ஏற்றினார். கடைசியில் அவன் கையை விரித்துவிட்டு நகர்ந்தான். பம்பு பாய்க்கு என்று சுத்தியல் விழுந்தது. சடையன் அண்ணன் மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டு பனிக்குள் நடந்துவிட்டார். பல தோட்டத்து ஆட்கள் அங்கே நின்றார்கள். ஒருவர் பாயைப் பார்த்துத் தரையில் துப்பினார். கை இருக்கும்போதே கேட்டுவிட்டான் என்று கூட்டத்துக்குள் பேச்சு நகர்ந்துபோவதை நான் கேட்டேன். அந்தப் பெயர் அங்கேயே, அந்தப் புல்லின்மேலேயே பிறந்துவிட்டது.

ராக்கம்மா அக்கா லாரியில் ஏற மறுத்துவிட்டார். "கை வெச்ச சாமான கேட்டவரு லோரில எங்களுக்கு என்ன வேல" என்று முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு நடந்தார். மற்ற பெண்களும் பின்னால் நடந்தார்கள். நானும் நடந்தேன். ஊரடங்குக்கு இன்னும் நேரம் இருந்தது, ஆனாலும் அந்த ரோட்டில் பெண்கள் தனியே நடக்கிற காலம் இல்லை அது. பாய் லாரியை முதல் கியரில் போட்டு, விளக்கை எரியவிட்டு, எங்கள் பின்னாலேயே ஊர்ந்து வந்தார். எங்கள் நிழல்கள் எங்களுக்கு முன்னே பனியில் நீண்டு நீண்டு நடந்தன. இப்போதும் தூக்கத்தில் நான் அந்த ரோட்டில்தான் நடக்கிறேன். பின்னால் வெளிச்சம் வந்துகொண்டே இருக்கிறது, யாரும் முந்திப் போவதில்லை.

ஒரு வளைவில் சடையன் அண்ணன் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். பாய் லாரியை நிறுத்திவிட்டு இறங்கினார்.

"சடையண்ணே, பம்பு லோரில இருக்கு. அதும்மேல ஒங்க கை இருந்துச்சு. அதனால ஒங்களோடதுதான். எங்க எறக்கணும் சொல்லுங்க."

சடையன் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "எனக்கெதுக்கு பாய் பம்பு? ஓடையா வெச்சிருக்கேன் நானு?"

"பின்ன எதுக்கு கை வெச்சீங்க?"

"சும்மாதான்" என்றார். உள்ளங்கையில் ஒட்டியிருந்த துருவைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "இத்தன வருசமா அது தட்டுறதக் கேட்டுக்கிட்டே தூங்குனவன். நின்னுபோச்சே. கடைசியா ஒரு தடவ தொட்டுப் பார்த்தேன். டீச்சர் கேப்பாங்கன்னுதான் நானும் நின்னேன். ஏன் டீச்சர் நீங்க கேக்கல?"

"ஒங்க கை இருந்துச்சேண்ணே" என்றேன்.

சடையன் அண்ணனுக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் கை இருந்ததால்தான் எங்கள் வாய் மூடியது, இன்னும் ஒரு மூச்சு நேரம் போயிருந்தால் பம்பு தாப்பாவில் உடைந்திருக்கும், எங்கள் பிள்ளைகளுக்குத் தண்ணீர் இருந்திருக்காது. இரண்டு கைகளையும் மடியில் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். ராக்கம்மா அக்கா பாயின் முன்னால் போய் நின்றார். "பாய், நாளைக்கே எல்லாத் தோட்டத்துலயும் நான் சொல்றேன். ஒங்களத் தப்பா பேசிட்டாங்க" என்றார்.

"சொல்லாதீங்க" என்றார் பாய். அவர் அவ்வளவு கண்டிப்பாகப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். "சொன்னா என்னாகும்? சும்மா கை வெச்ச ஆளுன்னு இவர மல முழுக்கச் சிரிப்பாங்க. இனிமே இவரு கைய எவனும் மதிக்கமாட்டான். இவருக்கு வேல போச்சு, இருந்த வீடும் போச்சு. கையாவது இருக்கட்டும்லா."

"அப்ப ஒங்க பேரு?"

"யாராவது ஒருத்தன் கெட்டவனா ஆகத்தானே வேணும். நான் கட வெச்சிருக்கேன். எனக்குத் தாங்கும்."

பிறகு சடையன் அண்ணனையும் ஏற்றிக்கொண்டு எல்லோருமாக லாரியில் போனோம். துணியில் முடிந்ததை நான் நீட்டியபோது பாய் மறுக்கவில்லை, பிரித்தும் பார்க்கவில்லை. வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் தர்மவான் வேஷம் போடாதது எனக்கு அன்றும் பிடித்தது, இன்றும் பிடிக்கிறது.

பம்பை ஓடையில் சடையன் அண்ணனே வைத்துக் கொடுத்தார். துரை அவரைத் தண்ணீர் பார்க்கும் ஆளாக லயத்திலேயே வைத்துக்கொண்டார். குழாயில் முதலில் காற்று வந்தது, பிறகு துரு, பிறகு தண்ணீர். பெண்கள் கையில் ஏந்தி ஒருவர் முகத்தில் ஒருவர் தெளித்துக்கொண்டார்கள். அது அடிக்கிற சத்தம் பள்ளத்திலிருந்து மெல்ல ஏறி வந்து எங்கள் பேச்சுக்கடியில், தூக்கத்துக்கடியில் ஓடிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் வாய்ப்பாட்டை அதன் தாளத்துக்குச் சொன்னார்கள். கேட்டில் காவலுக்கு நின்ற மலாய்க்காரப் போலீஸ்காரர் ஒருநாள் இறங்கிப்போய் அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் கேட்டுவிட்டு வந்தார். ஊரில் அம்மா நெல் குத்துவது இப்படித்தான் இருக்கும் என்று சொன்னாராம்.

பாய்க்கு அது அவ்வளவு எளிதாகத் தாங்கவில்லை என்பதை நான் பார்த்தேன். கம்போங் ராஜா பக்கம் இன்னொரு ஏலம். முன்பு அவர் கடையில் தண்ணீர் கொதித்த பித்தளைப் பாய்லர் ஒன்று, அவர் கைப்பட நெருப்பு மூட்டியது, யார் யாரிடமோ போய்விட்டு அங்கே வந்திருந்தது. ஆசையாகப் போனார். போய்க் கையை வைத்தார். அவர் வாய் திறக்குமுன் அடுத்த தோட்டத்து இளவட்டம் ஒருவன் விலை கேட்டான். பாய் திரும்பிப் பார்த்தார். "என்ன பாய் பார்க்குறீங்க? நீங்க பண்ணாததா?" என்றான். நான் முன்னால் நகர்ந்தேன். பாய் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார், வேண்டாம் என்று. "சரிதான் தம்பி" என்று சொல்லிவிட்டுப் பாய்லரிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எந்த ஏலத்திலும் அவர் எதன்மேலும் கை வைத்து நான் பார்த்ததில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பார். அந்த நடை அவருக்கு எப்படி வந்தது என்று உங்களில் சிலர் இப்போது தெரிந்துகொண்டிருப்பீர்கள்.

அவசரகாலம் முடிந்தது, வேலி போனது, லயத்துக்கு அரசாங்கத் தண்ணீர் வந்தது. பம்பை பாய் திரும்ப வாங்கித் தன் கொட்டகையில் வைத்துக்கொண்டார், அதை மட்டும் யாருக்கும் விற்கவில்லை. சடையன் அண்ணன் நன்றாக வாழ்ந்து, மரியாதையோடு போய்ச் சேர்ந்தார். கடைசிவரை ஏலங்களில் அவர் கை வைத்தால் ஜனங்கள் ஒதுங்கினார்கள். அவருடைய காரியம் முடிந்து வரும்போது நான் பாயிடம் கேட்டேன், இப்போதாவது சொல்லட்டுமா என்று.

"எதுக்கு டீச்சர்? அந்தப் பேரு இப்பப் பழகிருச்சு. பழைய புடி மாதிரி, கைக்கு வாகா வந்துருச்சு" என்று சிரித்தார். "நான் போனப்புறம் நீங்க என்னமும் எழுதிக்கிங்க. டீயப் பத்தி மட்டும் எழுதாதீங்க."

டீயைப் பற்றியும் எழுதிவிட்டேன். அவர் என்னை மன்னிப்பார், அத்தனை வருஷம் அந்த டீயைக் குடித்ததற்காகவாவது மன்னிக்கத்தானே வேண்டும்.

நேற்று ஜைனபு மறுபடியும் கூப்பிட்டாள். கொட்டகையில் இருப்பதை எல்லாம் தம்பிமார் ஏலம் விடப்போகிறார்களாம். "அந்தப் பம்பு ஒங்களுக்கு வேணுமா டீச்சர்? சொன்னீங்கன்னா எடுத்து வைக்கிறேன்" என்றாள். வேண்டாம் என்றேன். என் வீட்டில் ஓடை இல்லை. அதை ஓடை இருக்கிற யாருக்காவது கொடுக்கச் சொன்னேன், அது மறுபடி அடிக்கட்டும்.

எனக்கு வேண்டியது வேறு. மலையில் இன்னும் நாலு பேர் வாயில் அந்தப் பெயர் புழங்குகிறது. அதை அழிக்கச் சொல்லி நான் கேட்கப்போவதில்லை. எங்கள் பிள்ளைகள் குடித்த தண்ணீருக்கு அவர் தந்த விலை அது, அதைக் குப்பையில் போட எனக்கு மனம் வராது. கைமேல் கேட்ட பாய் என்கிற அந்தப் பெயரின்மேல் நான் கை வைக்கிறேன். அன்று புல்வெளியில் திறக்காத வாயை இன்று திறந்தும் சொல்கிறேன். இது எனக்கு வேண்டும். வேறு யாரும் கேட்காதீர்கள்.